மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு சைபரும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் நிலைத்து நிற்கத் தகுதியுள்ளவை மூன்றே மூன்று: நெருப்பு, சக்கரம், மூன்று விலைப்புள்ளி முறை. முதல் இரண்டைக் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதைக் கண்டுபிடித்தவரும் யாரென்று தெரியவில்லை. ஆனால் அதைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வருபவர் சிங்கப்பூர் சுவா சூ காங்கில் ஒரு வீவக அரசு அடுக்குமாடியின் பதினோராவது தளத்தில் குடியிருக்கிறார். பெயர் ரத்னவேல், வயது அறுபத்தெட்டு.

ஒரு கப்பல் பட்டறையின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் பணியாற்றினார். ஆணி வாங்கினாலும் நங்கூரம் வாங்கினாலும் மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. மூன்றில் ஒன்று உண்மையான விலை, மற்ற இரண்டும் மரியாதைக்கு என்பது கொள்முதல் பிரிவில் எல்லாரும் அறிந்த ரகசியம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் விதியைக் கைவிடவில்லை. முடி வெட்டிக்கொள்ள மூன்று கடை ஏறி இறங்குவார். மகள் நிவேதிதாவுக்கு முறைப்படி மூன்று மாப்பிள்ளைகளைப் பார்த்து வைத்தார். அவள் நான்காவதாக ஒருவரைத் தானே தேர்ந்தெடுத்து மெல்பர்னில் குடியேறிவிட்டாள். மருமகன் தங்கமான பையன். இருந்தாலும் அந்தத் திருமணத்தை ரத்னவேல் இன்றுவரை ‘விதிமீறல்’ என்றே குறிப்பிடுகிறார்.

அவருடைய பெருமையின் சிகரம் 1997ஆம் ஆண்டு. ஒரு கம்பெனி இருபது பித்தளை வால்வுகளுக்கு விலைப்புள்ளி அனுப்பியிருந்தது. விலை: சைபர். நல்லெண்ண அன்பளிப்பாம். மேலதிகாரிகள் மகிழ்ந்து போனார்கள். ரத்னவேல் ஒருவர்தான் மகிழவில்லை. இரண்டு வாரம் துருவித் துருவி விசாரித்து, அந்த வால்வுகள் பக்கத்துப் பட்டறையிலிருந்து களவு போனவை என்பதை நிரூபித்தார். நிர்வாகம் அவருக்கு ஒரு கேடயமும், கம்பெனிச் சின்னம் அச்சிட்ட ஒரு பெரிய குடையும் வழங்கியது. அன்று முதல் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார். “சைபர் விலைக்கு ஒரு பொருள் வந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு பழுதான பொருள். இல்லேன்னா திருட்டுப் பொருள்.” அவருடைய பிரிவுபசார விருந்தில் இளையவர்கள் எழுந்து நின்று இதை ஒரே குரலில் சொன்னபோது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி பஞ்சவர்ணம்கூடக் கை தட்டினார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் சிங்கப்பூரைவிட்டு வெளியேற முடிவு செய்ததற்குக் காரணம், தேக்கா சந்தையில் ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் இருபது காசு ஏறியது.

சிரிக்க வேண்டாம். இருபது காசில் தொடங்கியது மின்கட்டணம், மருந்து, மீன் என்று வளர்ந்துவிட்டது. மாதாமாதம் வரும் மசேநிதி ஓய்வூதியப் பணம் நடந்து வர, விலைவாசி அதை முந்திக்கொண்டு ஓடுவதை அவர் கண்ணால் பார்த்தார். எண்பது வயதில் மகளிடம் கையேந்தி நிற்க நேருமோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். அந்தப் பயம் உண்மையானது. அதைப் பயம் என்று சொல்லப் பிடிக்காததால் அதற்கு ஒரு குழு அமைத்தார்.

‘கடல்கடந்த ஓய்வுக்கால வாழ்க்கைச் செலவு ஆய்வுக் குழு’ என்று பெயர். தலைவர் ரத்னவேல். செயலாளர், முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மாணிக்கம். உறுப்பினர்கள் கிடையாது, ஆகவே எதிர்ப்பும் கிடையாது. ஞாயிறுதோறும் காலையில் தேக்கா உணவங்காடியில் கூட்டம் நடக்கும். ஆளுக்கு ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் மேசையை விடாமல் சிக்கனம் பற்றி விவாதிப்பார்கள். தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடுகிறவர்கள் முறைத்துப் பார்ப்பதையெல்லாம் நாட்டை விட்டுப் போவதற்கான கூடுதல் காரணமாகக் குழு எடுத்துக்கொண்டது.

விதிப்படி மூன்று ஊர்களுக்கு விலை கேட்டார்கள். மலேசியாவின் ஜொகூர், தாய்லாந்தின் சியாங் மாய், கோயம்புத்தூர். ஜொகூருக்குப் பாலம் தாண்டிப் போகவே அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். சியாங் மாயில் ரசம் கிடைக்காது. அதாவது, அந்த இரண்டும் மரியாதைக்கு. கோயம்புத்தூரில் ‘அமைதிச் சோலை’ என்ற மூத்தோர் குடியிருப்புதான் உண்மையான விலைப்புள்ளி. அதன் விளம்பரத் தாளில் நரைத்த தலைத் தம்பதியர் மயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மயிலுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று மாணிக்கம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கள ஆய்வும் நடந்தது. ஒரு ஞாயிறு கூட்ட நெரிசலில் அவர்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்த அன்வர், கோயம்புத்தூர் உக்கடத்துக்காரர். துவாஸில் கட்டுமான வேலை. குழு அவரை ‘உள்ளூர் நிபுணர்’ என்று அந்த இடத்திலேயே நியமித்தது.

“தம்பி, உங்க ஊர்ல வீட்டு வேலைக்கு ஆள் வச்சா என்ன குடுப்பாங்க?” என்று ரத்னவேல் கேட்டார்.

“எங்கம்மா மூணு வீட்ல வேலை செஞ்சாங்கய்யா. அது பத்தலைன்னுதான் நான் இங்க வந்து, ஒரு ரூம்ல பன்னெண்டு பேரோட இருக்கேன்.”

மாணிக்கம் குறிப்பேட்டில் எழுதினார்: ‘கோயம்புத்தூரில் வீட்டு வேலைக் கூலி மலிவு. உள்ளூர் நிபுணர் உறுதி செய்தார்.’

இப்படி ஏழு வாரம் உழைத்து ஒரு மாபெரும் அட்டவணை தயாரானது. அரிசி, பால், பேருந்து, பல் மருத்துவர் என்று எல்லாவற்றிலும் கோயம்புத்தூர் மலிவு. கடைசி நான்கு வரிகளில்தான் வண்டி நின்றது. சமையல், வீடு துடைத்தல், துணி துவைத்தல், தினம் ஒருவேளை இன்சுலின் போட நர்ஸ். அமைதிச் சோலை இந்த நான்குக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்டது. சிங்கப்பூர்ப் பத்தியில் அதே நான்கு வரிகளுக்கு ரத்னவேல் யோசிக்காமல் சைபர், சைபர், சைபர், சைபர் என்று போட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் கோயம்புத்தூர் சிங்கப்பூரைவிட மாதம் நாற்பது சிங்கப்பூர் வெள்ளி அதிகம்.

குழு அதிர்ந்தது. தே தாரிக் ஆறிப் போனது. பல் மருத்துவரை இரண்டு முறை சரிபார்த்தார்கள். முப்பது வருடம் பேருந்தைச் சந்துகளில் திருப்பியவர் மாணிக்கம், அவருக்குத்தான் வழி புலப்பட்டது.

“அண்ணே, இங்க அந்த நாலும் ஏன் சைபர்?”

“வீட்ல பஞ்சவர்ணம் இருக்கால்ல.”

“அண்ணியும் கோயம்புத்தூருக்கு வரப்போறாங்கதானே? அப்புறம் என்ன லா? அங்கயும் சைபர் போடுங்க.”

ரத்னவேல் நான்கு கட்டணங்களையும் அடித்துவிட்டு நான்கு சைபர்களை எழுதினார். கோயம்புத்தூர் அபார வெற்றி பெற்றது. அன்று மட்டும் குழு விதியைத் தளர்த்தி ஆளுக்கு ஒரு வடை வாங்கிக்கொண்டது.

பஞ்சவர்ணத்திடம் கேட்கவில்லையே என்று யாரும் குறை சொல்லக்கூடாது. மூன்று ஊர்களிடம் கேட்டாயிற்று. விதியில் நான்காவது இல்லை. மேலும், கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். காத்தோங்கில் பஞ்சவர்ணத்தின் அக்கா உமாமகேஸ்வரி இருக்கிறார். வாரம் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு வியாழனும் பஞ்சவர்ணம் மஞ்சள் பூசணிக் கூட்டு செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டு, இரண்டு ரயிலும் ஒரு பேருந்தும் மாறி அங்கே போவார். ஓடி விளையாடிய வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட அக்காவை இந்த நிலையில் விட்டுவிட்டுப் பஞ்சவர்ணம் எங்கேயும் நகரமாட்டார். இது ரத்னவேலுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்பது நிர்வாகத் திறமை ஆகாது.

அட்டவணையை நூலகத்தில் வண்ணத்தில் அச்செடுத்து வந்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். வீட்டை வாடகைக்கு எடுக்க ஒரு குடும்பம் தயாராக இருப்பதாகவும், சனிக்கிழமை காலை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றும், வீட்டு முகவர் ஜெய் வருவான் என்றும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் தகவல் தெரிவித்தார். பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டவணையை அரிசியில் தொடங்கி வரி வரியாகப் படித்தார்.

“இந்தக் கடைசி நாலு வரி யாருங்க?”

“அது நீதான்,” என்றார் ரத்னவேல் பெருமையோடு. “நம்ம திட்டத்தோட பலமே அதுதான். உன்னால எவ்வளவு மிச்சம் பாரு.”

உண்மையில் அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பஞ்சவர்ணம் அட்டவணை ஒட்டிய கதவைத் திறந்து இன்சுலினை எடுத்தார். ஊசியை எடுத்து வந்தார். ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் ரத்னவேல் வழக்கம்போல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் இப்படித்தான். ஊசி போடும்போது மனைவியின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த நான்கு நாட்கள் பஞ்சவர்ணம் தொலைபேசியில் நிறையப் பேசினார். மெல்பர்னுக்கு விடைபெறும் அழைப்புகள் என்று ரத்னவேல் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெய் வந்தான். சாட்சிக் கையெழுத்துக்காக மாணிக்கம், இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். “அங்கிள், டெனண்ட் ஓகே, டெபாசிட் ஓகே, நீங்களும் ஆன்ட்டியும் சைன் பண்ணா முடிஞ்சிச்சு லா,” என்று ஜெய் தாள்களைப் பரப்பினான். ரத்னவேல் சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார்.

அப்போது பஞ்சவர்ணம் அறையிலிருந்து வந்தார். வெளியே போகும் சேலை, கையில் ஒரு பயணப் பை. மேசைமேல் ஒரு பழுப்பு உறையை வைத்தார். ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து, மேலே தேதி, நேரம், ‘விலைப்புள்ளி: கடைசி நான்கு வரிகள்’ என்ற தலைப்பு. முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்படிப்பட்ட உறைகளையே பார்த்து வாழ்ந்த மனிதருக்கு, அதை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. விதிப்படி இரண்டு பேர் முன்னிலையில் பிரித்தார்.

உள்ளே மூன்று இடங்களின் விலைகள் இருந்தன. சிராங்கூன் சாலையில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு கடை, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம், வீட்டுக்கு வரும் நர்ஸ். மூன்றுமே உண்மையான விலைகள். மரியாதைக்கு என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிங்கப்பூர் விலை. கூட்டுத்தொகையைப் பார்த்த மாணிக்கம், காலை உணவு ஒத்துக்கொள்ளாதவர்போல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

நான்காவதாக ஒரு தாள். பஞ்சவர்ணத்தின் கையெழுத்து.

‘ஐயா, மேற்கண்ட பணிகளை முப்பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவரும் எங்கள் நிறுவனம் கோயம்புத்தூரில் கிளை திறப்பதாக இல்லை. எங்களை யாரும் கேட்கவும் இல்லை. சுவா சூ காங் கிளையும் இன்றிலிருந்து காத்தோங்கில் இயங்கும். நாளைக் காலை ஊசிக்கு நர்ஸின் எண் மூன்றாம் பக்கத்தில் உள்ளது.’

“ஆன்ட்டி சைன் பண்ணலைன்னா இது வேலைக்கு ஆகாது அங்கிள்,” என்று ஜெய் தாள்களை மெல்ல அடுக்கத் தொடங்கினான்.

ரத்னவேல் மனைவியைப் பார்த்தார். “என்ன இது, சின்னப் பிள்ளை மாதிரி? உன்னை நான் எப்பவாவது குறையா நினைச்சிருக்கேனா? வீட்டுக்காரின்னா செலவு கணக்குலயே வரமாட்டா. அதனாலதான் சைபர்.”

பஞ்சவர்ணம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கோபம் இருந்தது, ஆனால் அதைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

“நீங்க பிரிவுபசார விருந்துல சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. சைபர் விலைக்கு ஒரு பொருள் வந்தா ரெண்டே காரணம்தான்னு.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “முப்பத்தொன்பது வருஷமா என் வேலையில ஒரு பழுது சொன்னதில்லை நீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. மின்தூக்கி வந்து போகும் சத்தம் கேட்டது. ஜெய் தன் கைப்பேசியைப் பார்த்தான், மாணிக்கம் தன் சட்டையைப் பார்த்தார்.

ரத்னவேல் நீலப் பேனாவை மூடினார். இரண்டு காரணங்களில் பழுது இல்லை என்றால் மீதி எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கொள்முதல் வரலாற்றில் ரத்னவேல் ஒரு களவைக் கண்டுபிடித்தது இது இரண்டாவது முறை. முதல் முறை திருடியது வேறு ஆள் என்பதால் குடை கொடுத்தார்கள்.