சேரப்பணஞ்சேரியில் ஏற்ற உரிமை இல்லை

தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு ஹார்ன். வடக்குப்பட்டு முனுசாமியின் வேன் வந்தால் அப்படித்தான் கேட்கும். இன்றைக்கும் சில விடியல்களில் அது என் காதோரம் கத்திவிட்டுப் போகிறது.

1991. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. தங்கை ஸ்டெல்லா தன் மூக்குக்கண்ணாடியை என் வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை, சாயங்காலம் விமானம். கண்ணாடி இல்லாவிட்டால் மருந்துப் புட்டியின் பெயரே அவளுக்குத் தெரியாது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வேனில் படப்பை, அங்கிருந்து பஸ், மீனம்பாக்கத்தில் அவள் கையில் கண்ணாடி. அவ்வளவுதான்.

நடுவில் என் படிப்பு வந்து நின்றது.

அப்போது சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊரில் பெயரே 'ஏரோப்ளேன் அக்கா'. அதற்கு முந்தின வாரம்தான் முனுசாமியும் எங்கள் ஊர் வேன்காரன் கன்னியப்பனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். படப்பைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் ஆட்களையும் முனுசாமி அள்ளிக்கொள்கிறானாம்.

நான் பேசாமல் போயிருக்கலாம்!

"நாடுகளே இதை ஒப்பந்தம் போட்டுத் தீர்த்துக்குது" என்று ஆரம்பித்தேன். "வெளிநாட்டு விமானம் பம்பாய் வழியா மெட்ராஸ் வரும். தன் நாட்டிலேருந்து கூட்டி வந்தவங்களை இறக்கலாம். தன் நாட்டுக்குப் போறவங்களை ஏத்தலாம். பம்பாயில ஏறி மெட்ராஸ்ல இறங்குறவங்களை மட்டும் ஏத்தக் கூடாது. சீட்டு காலியா இருந்தாலும்! அது நம்ம விமானத்தோட சவாரி."

சேரப்பணஞ்சேரி – படப்பை சவாரி கன்னியப்பனுக்கு, வடக்குப்பட்டுச் சவாரி முனுசாமிக்கு என்று முடிவாயிற்று. இருவரும் கைகுலுக்கினார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஸ்டெல்லா கிளம்பும் நாளில் கன்னியப்பன் வேன் கிளட்ச் அறுந்து நின்றது. ஆட்டுக்குட்டி கத்தியது. முனுசாமி வேன், சுத்தமாகக் காலி. கை காட்டினேன்.

"ஏத்தக் கூடாதுக்கா."

"நான்தாம்ப்பா!"

"சீட்டு காலியா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க?"

கண்ணாடிக் கதையைச் சொன்னேன். யோசித்தான். "வடக்குப்பட்டுக்குன்னா ஏறலாம். அங்க எறங்கி ஏறிட்டா நீங்க எங்கூரு சவாரி."

வேனைத் திருப்பினான். விமானம் ஒரு பக்கம், நான் மறு பக்கம். வடக்குப்பட்டில் இறங்கி, சட்டத்துக்காக ஒரு டீ குடித்து, மறுபடி ஏறினேன்.

எங்கள் ஊர் எல்லையில் கன்னியப்பன் நடுரோட்டில் நின்றான்.

"இன்னாடா, எங்கூரு ஆள ஏத்திக்கினு போற?"

"வடக்குப்பட்டுல ஏறுனாங்கடா."

"வூடு எங்க கீது? இங்கதான?"

"அங்க டீ குடிச்சாங்களே!"

"டீ குடிச்சா ஊரு மாறிடுமா? யக்கா, நீங்களே சொல்லுங்க. ஏரோப்ளேன்ல இதுக்கு இன்னா ரூலு?"

இப்படித் தன் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவர் சவாரியைப் பிடிக்கக் கூடாது என்றுதான் நாடுகள் மல்லுக்கு நிற்கின்றன. சொன்னால் விமானம் போய்விடும். சொல்லாவிட்டால் படித்தவள் என்ற பேர் போய்விடும்.

சொல்லித் தொலைத்தேன்.

"பாத்தியா!" என்றான் கன்னியப்பன். அடுத்த நிமிஷம் நான் தெருவில்.

கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற கோலம் அவனை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"கண்ணு கலங்காதீங்கக்கா. நம்ம வண்டியிலயே போலாம்."

"அதுதான் ஓடாதேப்பா!"

"இன்னாத்துக்கு ஓடணும்?"

கயிறு வந்தது. முன்னால் முனுசாமியின் காலி வேன். அதன் வாலில் கன்னியப்பன் வேன். அதில் ஒரே பயணியாக நான். படப்பை வரைக்கும் முன்வண்டி கிளப்பிய புழுதி அத்தனையும் எனக்கே. ஒப்பந்தத்துக்கு ஒரு கீறல் இல்லை.

மீனம்பாக்கத்தில் ஸ்டெல்லா வாசல் வரிசையில் நின்றிருந்தாள். கம்பித் தடுப்புக்கு மேலே கண்ணாடியை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்க. எங்க அக்கா வரலையா?"

முனுசாமி பிற்பாடு விமான நிலையத்திலேயே பஸ் டிரைவரானான். வாசலில் ஏற்றி விமானத்தடியில் இறக்குகிற பஸ். ஓய்வு பெறும்வரை நடுவழியில் ஒருவரையும் ஏற்றவில்லை.