ரபானுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

கடல் பார்க்க ஊர் விட்டு ஊர் போகிறவனை நம்பலாம். குளிப்பான், மீன் தின்பான், வெயிலில் கறுத்து வீடு திரும்புவான். பண்பாடு பார்க்கப் போகிறவனை மட்டும் நம்பக் கூடாது. தலையில் தொப்பி, தோளில் துணிப்பை, வாயில் 'மண்ணின் இசை' என்றொரு சொல், இவ்வளவோடும் அவன் கிளம்பிவிடுவான். (மூளையை வைக்கப் பையில் இடம் போதாது.) சில வருடங்களுக்கு முன் அந்தக் கோலத்தில் திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்றவன் சாட்சாத் நான்தான்.

அப்போது எனக்கு ஃபோனில் வீடியோ பார்க்கிற நோய் ஒன்று பிடித்திருந்தது. எவராவது ஒரு வெள்ளைக்காரர் ஏதோ ஒரு மலைக்கிராமத்துக்குப் போவார். அங்குள்ளவர்கள் மேளம் அடிப்பார்கள். அவர் உருகுவார். அவர் உருகுவதைப் பார்த்து இங்கே கதிரையில் கிடந்து நானும் உருகுவேன்.

துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் காமினி, சேருவில பக்கத்துச் சிங்களக் கிராமத்தவன். சித்திரை வருசத்துக்குத் தன் வீட்டுப் பெண்கள் ரபான் அடிப்பார்கள் என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொல்லித் தொலைத்தான். ரபான் என்பது வண்டிச் சக்கரம் அளவு மேளம். குட்டைக் கால்களில் நிற்கும்; பெண்கள் சுற்றி இருந்து கையால் அடிப்பார்கள். விடுவேனா? நானாகவே என்னை அழைத்துக்கொண்டேன்.

வருசப்பிறப்புக்கு மறுநாள் நான் புறப்பட, மனைவி வாசலில் நின்று கேட்டாள்:

"அடுத்த தெருக் கோயில்ல மேளம் அடிச்சா ஜன்னலைச் சாத்திற ஆள் நீங்கள். வேற ஊர் மேளத்துக்கு ஏன் பஸ் ஏறிறியள்?"

"உமக்கு ரசனை இல்லை" என்றேன்.

"ஓம், டிக்கெட் எடுத்தால்தான் உங்கட ரசனை வரும்."

மூதூர், தோப்பூர் தாண்டிப் போய் இறங்கினேன். காமினியின் தங்கை குமாரி குவைத்தில் வீட்டு வேலைக்கு இருப்பவள், லீவில் வந்திருந்தாள். அங்கே குசினியில் சட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பாளாம். எஜமானி எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாளாம். அம்மாவோடும் பள்ளித் தோழிகளோடும் ஒரு பொழுது ரபான் அடிப்பதற்காகவே, கெஞ்சி லீவு வாங்கி வந்தவள். மறுநாள் விமானம். தோழிகள் எல்லாரும் கூடக் கிடைத்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

சாப்பாடு முடிந்து பெண்கள் உடுப்பு மாற்ற உள்ளே போனார்கள். நான் படம் எடுக்க முற்றத்துக்கு வந்தேன். மாமரத்தடியில் ரபான் தனியே நின்றது. அதன் அடியிலிருந்து புகை! குனிந்து பார்த்தால் செக்கச்செவேலென்று தணல்!

பக்கத்திலேயே கிணறு. வாளி நிறைய அள்ளி ரபானின் தலையில் ஊற்றினேன். புஸ்ஸென்று சாம்பல் கிளம்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வாளி. பிறகு, ஒரு கலையையே காப்பாற்றியவன் நிற்கிற மாதிரி நின்றேன்.

காமினி ஓடி வந்தான். "ஐயோ மச்சான்! என்னடாப்பா செய்தனீ?"

"நெருப்புப் பிடிச்சிட்டுது. பயப்பிடாதை, அணைச்சிட்டன்."

"அது நாங்கள் வச்ச நெருப்படா! தோல் காஞ்சால்தானே சத்தம் வரும்!"

எனக்குத் தெரியாத விசயமா? எங்கள் கோயில் திருவிழாவில் பறைமேளக்காரர் தென்னோலையைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டுவதைக் கால்சட்டைப் பருவத்திலிருந்து பார்த்து வந்தவன் நான். அங்கே அது வெறும் நெருப்பு, யார் கவனித்தது? அயலூர்ப் பண்பாட்டை ஆராயப் போன அறிஞருக்குச் சொந்தத் தெரு தெரியவில்லை.

குமாரி வந்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஈரச் சாக்கில் அறைந்தது போல 'தொப்' என்றது. திரும்பி உள்ளே போய்விட்டாள். அவளுடைய தாய் எனக்குத் தேநீரும் கொக்கிசும் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன். பலகாரத்தை என்ன செய்வது? தின்றேன்.

தாய் துணியால் தோலை ஒற்றி எடுத்து ரபானை வெயிலில் சாய்த்து வைத்தார். பிறகு தூரத் தணலில் மெல்ல மெல்லக் காட்ட வேண்டும் என்றார். அதைத் திருப்பிப் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. செய்தி பரவி, ஊரே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு கிழவி காமினி மூலம் விசாரித்தார்: "உங்கட ஊர்ல சோறு காய்ச்ச அடுப்பு மூட்டினாலும் இப்பிடித்தான் ஓடி வருவியளோ?"

குமாரி அடிக்கடி வந்து தட்டிப் பார்த்தாள். தொப். மறுபடியும் தொப். வெயில் சாயச் சாய நான் ரபானை இன்னும் கவனமாகத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். கடைசியில், பொழுது மங்குகிற நேரம், 'தும்' என்றது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தாயும் மகளும் தோழிகளும் சுற்றி இருந்து அடிக்கத் தொடங்கினார்கள். முற்றமே அதிர்ந்தது. குமாரி ஒரு அடி பாட, மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாங்கிப் பாடினார்கள். மன்னித்துவிட்டார்கள், எவ்வளவு நல்ல சனம் என்று நெகிழ்ந்து, முழுவதையும் படம் பிடித்து உடனே பேஸ்புக்கில் போட்டேன்: 'தலைமுறை தலைமுறையாக வரும் அரிய அறுவடைப் பாடல்.' (எனக்குத் தெரிந்த சிங்களம் லீவுக்கும் தேநீருக்கும் மட்டுமே போதும்.)

காமினி என் தோளில் கை போட்டான். "மச்சான், என்ன பாடினம் எண்டு விளங்கினதோ?"

"அறுவடைதானே?"

"அறுவடையோ? 'திருகோணமலை மாத்தயா வந்தார், எங்கட ரபானுக்குத் தாகம் எண்டார், வாளியால தண்ணி பருக்கினார்.' இப்பதான் குமாரி கட்டினவள்."

அதற்குள் சிங்களம் தெரிந்த என் துறைமுகக் கந்தோர் ஆட்கள் முழுப்பேரும் அந்தப் பதிவுக்குச் சிரிப்புப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டு அங்கே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு வருசமும் குவைத்திலிருந்து குமாரி அழைப்பாள். ஃபோனை ரபான் பக்கத்தில் வைப்பார்கள். முதலில் அவள் கேட்பது அதைத்தான். என் மனைவி அதை மனப்பாடம் செய்துவிட்டாள். கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவதே "இவர்தான் பாட்டில வாறவர்" என்றுதான்.

போன சித்திரைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, நாட்டார் பாடல் சேர்க்கிறேன் என்று அதைப் பதிவு செய்தாராம். எவ்வளவு பழைய பாட்டு என்று கேட்டிருக்கிறார்.

"எங்கட அம்மாமார் காலத்துப் பாட்டு" என்றாராம் காமினியின் தாய், கண் இமைக்காமல்.

எனக்கு இன்னும் பென்சன் வயதே வரவில்லை. அதற்குள் தொல்மரபாகிவிட்டேன்.