அன்ட் ஃப்ரெண்ட்

அமெரிக்கச் சட்டத்துக்கு அமெரிக்காவிலேயே ஒரே ஒரு ஆள்தான் முழுசாகப் பயந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர் பிளாக்கில் குடியிருந்தார். மாண்டலின் வாசிப்பார். அந்தச் சட்டத்தை எழுதினவர்கள்கூட அதற்கு இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. ஆனால் எங்கள் காம்ப்ளெக்ஸில் அவர் 'அன்ட் ஃப்ரெண்ட்'தான். நியூஜெர்சியின் தென்பக்கம் ஒரு பீச் பழத் தோட்டத்தில் வருஷா வருஷம் கோடையில் பாட்டுத் திருவிழா நடக்கும். அதில் 'ரஸ்டி கேட்' என்று ஒரு குழு. துருப்பிடித்த கேட் என்று அர்த்தம். குழுவில் நாலு பேர், நாலு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள், ஆகவே பெயர்ப் பொருத்தம் பிரமாதம். போஸ்டரில் 'ரஸ்டி கேட் அன்ட் ஃப்ரெண்ட்' என்று போட்டிருக்கும். அந்த ஃப்ரெண்ட் இவர்.

"ஏன் சார், பேரைப் போடச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போஸ்டர்ல பேரு வந்தா அது எவிடென்ஸுங்க," என்றார், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

அவர் விசாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை மட்டும் பார்க்கலாம். வேறு எங்கும் சம்பாதிக்கக் கூடாது. சும்மா வாசித்தால் தப்பில்லை என்று வக்கீலே சொல்லியிருந்தார். இவர் அதை நம்பவில்லை. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவர் மடியில் புளிசாதப் பொட்டலத்தைத் தவிர ஒன்றும் கிடையாது, பயம் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது.

குழுவில் அவர் சேர்ந்ததே ஒரு கூத்து. அவர் வீட்டுக் கிச்சன் சிங்க் அடைத்துக்கொண்டு பிளம்பரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் வால்ட், ரஸ்டி கேட்டில் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பவர். ஹாலில் இவர் மாண்டலினைத் தட்டிக்கொண்டிருந்தார். காலேஜ் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து மாரியம்மன் பண்டிகை மேடையெல்லாம் ஏறிய கை அது. வால்ட் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இருவரும் ரெண்டு மணி நேரம் வாசித்தார்கள். சிங்க் மூன்று நாள் கழித்துத்தான் சரியானது என்று அவர் மனைவி செல்விக்குத் தீராத வருத்தம்.

திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப் போவார். என் இசை ஞானத்துக்காக இல்லை. சாட்சிக்காக.

"நாளைக்கு யாராச்சும் கேட்டா, இந்த ஆளு ஒண்ணும் வாங்கலைன்னு நீங்க சொல்லோணும்."

அங்கே வரும் கலைஞர்களைப் பார்க்க ரெண்டு கண் போதாது. நாட்டுப்பாட்டுக்காரர்கள் மூன்று நிமிஷப் பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னுரை சொல்வார்கள். ராக் பையன்கள் கழுத்து வரை பச்சை குத்தி, பார்க்கவே கிலியாக இருப்பார்கள். கிட்டப் போனால், அம்மா கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கன்ட்ரி பாடுகிறவர் பெரிய தொப்பி வைத்துக்கொண்டு, மாடு மேய்த்த துயரத்தை உருகி உருகிப் பாடுவார். அவர் ஜெர்சி சிட்டியில் பல் டாக்டர். இத்தனை பேருக்கு நடுவில், இன் பண்ணின சட்டையும் பேன்ட்டுமாக, ஆபீஸ் பேட்ஜைக் கழற்ற மறந்துபோய், நம்ம ஆள் நிற்பார்.

வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு சாப்பாட்டுக் கூப்பன், ஒரு டீ-ஷர்ட், ஒரு கூடை பீச் பழம் தருவார்கள். இவர் மூன்றையும் தொட மாட்டார். ஒரு வருஷம் அந்தப் பழ வாசனை தாங்காமல், தோட்டத்திலிருந்தே வக்கீலுக்குப் போன் போட்டார்.

"சார், ஒரே ஒரு பீச் சாப்பிட்டா அது சம்பளமாயிருமுங்களா?"

வக்கீல் சென்னைக்காரர். "சார், நானா இருந்தா ரெண்டு சாப்பிடுவேன்," என்றார்.

இவர் போனை வைத்துவிட்டு, புளிசாதத்தைப் பிரித்தார். "அவரு சிட்டிசன், சாப்பிடுவாருங்க," என்றார்.

இன்னொரு வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, இவர் மாண்டலின் பெட்டியில் ஒரு டாலரைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. பாட்டை நடுவிலேயே விட்டு மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்குள் அந்தப் பாட்டியைத் துரத்தினார். மூச்சு வாங்க டாலரை நீட்டினார். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்த பாட்டி, பர்ஸைத் திறந்து இன்னொன்று கொடுத்தாள். இரண்டையும் அவள் கையில் திணித்துவிட்டு வர அவர் பட்ட பாட்டுக்கு நான் இன்றும் சாட்சி.

அந்த வருஷம்தான் மேடை அறிவிப்பாளர் மைக்கை நீட்டி, "இந்த நண்பரின் பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டார். இவர் பதறிப்போய் "நோ நேம், சார்" என்றார். கூட்டம் முழுக்க "நோ நேம், நோ நேம்" என்று கை தட்டியது. பிறகு அவர் வாசித்தார். பல் டாக்டர் பாடிய மாட்டுப் பாட்டில் இவர் ஒரு கமகத்தைக் கொண்டுபோய் நுழைத்தார். பாட்டு முடிந்ததும் டாக்டர் தொப்பியைக் கழற்றி, அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயரே இல்லாத ஒருவருக்கு அவ்வளவு பேர் எழுந்து நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது, கார் ஃப்ரீவேயில் ஏறியதும் சொன்னார்.

"கார்டு வந்தன்னைக்கு போஸ்டர்ல பேரு போடச் சொல்லோணுமுங்க. முழுப் பேரு. இனிஷியலோட."

அவர் இந்த வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருந்தார். மாதா மாதம் தேதி நகர்ந்ததா என்று பார்ப்பார். சில மாதம் அது பின்னாலும் போகும். எனக்குக் கார்டு எப்போதோ வந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் முன்னால் போய் வரிசையில் நின்றேன், என் திறமை அவ்வளவுதான். இருந்தும் எதிர்ப்படும்போதெல்லாம் "என்ன சார், பீச் சாப்பிடலாமா?" என்று கேலி செய்வேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வருஷம் வசந்த காலத்தில் கம்பெனி அவர் டீமையே கலைத்துவிட்டது. அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஐம்பத்திரண்டு வயசுக்காரரை இன்டர்வியூவில் எல்லோரும் மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தார்கள். கெடு முடிந்து ஒரு வாரத்தில் திருவிழா.

"ஒரே ஒரு வாரம்தானே? இருந்துவிட்டுப் போகச் சொல்," என்று வால்ட் என்னிடம் அடித்துக்கொண்டார். யாரிடம் போய்ச் சொல்வது?

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ரஸ்டி கேட் நாலு பேரும் எங்கள் பார்க்கிங் லாட்டில் வந்து இறங்கினார்கள். கார்களுக்கு நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் வால்ட் ஒரு பீச் பழத்தை எடுத்து இவர் கையில் வைத்தார். கடையில் வாங்கியதுதான்.

"சார், இனிமே என்ன இருக்கு, சாப்பிடுங்க," என்றேன்.

பழத்தைப் பார்த்தார். மோந்து பார்த்தார். வால்ட் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னும் மூணு நாள் இருக்குதுங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. வால்ட் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குப் போனவர் இந்த வருஷம் விசிட்டர் விசாவுக்கு அப்ளை பண்ணினார். சும்மா ஊர் சுற்ற, திருவிழாவில் ஒரு நாள் வாசிக்க. இப்போது அவர் இங்கே யாருக்கும் வேலை பார்க்கவில்லை, பெயர் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்கே தைரியம் வந்திருந்தது. வால்ட் போஸ்டரில் முழுப் பெயரையும் அச்சடித்து, ஒரு காப்பி அனுப்பினார். இனிஷியலோடு.

விசா ஜன்னலில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாக எவிடென்ஸுக்குப் பயந்த மனுஷன், அன்றைக்கு அந்தப் போஸ்டரை விரித்துக் காட்டியிருக்கிறார். மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு இந்த விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஊர் சுத்திப் பார்க்கன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே சார்," என்று போனில் கத்தினேன்.

"பேரைப் பார்த்த சந்தோஷத்துல காட்டிப்போட்டனுங்க," என்றார்.

திருவிழாவுக்கு இந்த வருஷம் நான் தனியாகப் போனேன். போஸ்டர்களை அதற்குள் மரத்துக்கு மரம் ஒட்டியிருந்தார்கள். அவர் பெயர் மேல் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, வேறு பெயரை எழுதியிருந்தார்கள். அவர் இடத்தில் ஒரு பெண் வாசித்தாள், இருபது வயசு இருக்கும். அற்புதமாக வாசித்தாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்த ஃப்ரெண்ட் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்.

"போனீங்களா? யாரு வாசிச்சாங்க?" என்று கேட்டார்.

"யாரோ புது ஆள் சார். சுமார்தான். ரெண்டாவது பாட்டுல சுருதியே சேரல. நீங்க இல்லாம மேடையே என்னவோ மாதிரி இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

போனில் மாண்டலின் கம்பி ஒன்றைச் சுண்டும் சத்தம் கேட்டது.

"அப்படிங்களா," என்றார். "பழகிக்குமுங்க. சின்னப் பொண்ணுதானுங்களே."

வாசித்தது பெண் என்று நான் சொல்லவே இல்லை. திருவிழா வீடியோவை அவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமாக யாரிடமும் எதையும் வாங்காத மனுஷன், எனக்காக அந்தப் பொய்யை மட்டும் வாங்கிக்கொண்டார்.