தாழ்ப்பாளாரின் நான்காம் நம்பர்

"மாப்பிள்ளை, இப்பதானே போட்டேன்? மறுபடியும் கூப்பிடுதே!"

ஒரு கையில் தண்ணீர் டம்ளர், மறு கையில் அலறும் போன். மாமனார் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். போனில் அலறியது 'மாத்திரை மணி'. வேளாவேளைக்கு மணியடித்து மாத்திரையை நினைவூட்டும் இலவச மென்பொருள். அதை உருவாக்கிய புண்ணியவான் வேறு யாருமில்லை, எதிரே வாயில் கவளத்தோடு விழித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான்.

"அது சும்மா அடிக்குது மாமா. போடாதீங்க."

"சும்மா அடிக்கிறது எது, நிஜமா அடிக்கிறது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி. மனைவி தன் அப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தாள். "ரத்த அழுத்த மாத்திரைங்க. ரெண்டு தடவை போட்டுட்டா ஆளைத் தூக்கிட்டு ஓடணும்," என்றாள்.

அதோடு விட்டதா? கை கழுவுவதற்குள் ஒரு முதியோர் இல்லத்து நர்ஸ் போன் செய்தாள். அந்த இல்லம் முழுக்க மாத்திரை மணிதான்.

"சார், ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுத் தடுக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் இதை எடுத்துட்டு, பழையபடி நானே கைமணி அடிச்சுக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பா நினைக்கவில்லை. நாள்காட்டியைத்தான் பார்த்தார், அன்று சனிக்கிழமை. பகலெல்லாம் லிஃப்ட் கம்பெனியில் மாரடித்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் கொட்டி வளர்த்த பிள்ளை இந்த மாத்திரை மணி. பைசா வருமானம் கிடையாது. நாலு பேருக்கு உதவுகிறது என்ற ஒரே சந்தோஷம். அதற்கும் திங்கட்கிழமை கெடு.

மென்பொருளின் உள்வேலை முழுவதும் இணையத்தில் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கோளாறைத் திருத்தி அனுப்பலாம். ஆனால் திருத்தம் உள்ளே போக மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட வேண்டும். அதனால் அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் 'தாழ்ப்பாள்'. முகப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாளின் படம். நாமும் மரியாதையாகத் தாழ்ப்பாளார் என்றே சொல்லிவிடுவோம்.

கதவைத் திறப்பதைவிடச் சாத்துவதில்தான் தாழ்ப்பாளாருக்குக் கைராசி. ஒவ்வொரு ஆளையும் புதிது புதிதாகத் திட்டிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா? ஆறு வகைத் திட்டுகளை முன்கூட்டியே எழுதி, நம்பர் போட்டு வைத்திருந்தார். ஒரு விசையைத் தட்டினால் போதும், திட்டு போய் விழுந்துவிடும். 'ஒரு நிமிஷத்துக்குள்ள பதில் போடறவன் உலகத்துலேயே நான் ஒருத்தன்தான்' என்று பெருமை வேறு.

முதலில் தானே கோளாறைச் சரிசெய்யப் பார்த்தார். அவர் கைவைத்த பிறகு மணி இரண்டு தடவை அடிப்பது நின்றது. ஒரே தடவைதான் அடித்தது. ஆனால் நிற்கவேயில்லை. மாமனார் போனைப் போர்வையில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பீரோ கத்தியது. தாழ்ப்பாளார் பழையதையே திரும்பப் போட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. போன வாரம் 'தும்பி' என்ற யாரோ அனுப்பியிருந்த திருத்தம்.

'மணி இரண்டு முறை அடிக்கும் கோளாறுக்கு இது முதல் பாதி. சார்ஜர் சொருகும்போது நேரம் குழம்புகிறது. மறுபாதியைச் சோதித்துவிட்டு அனுப்புகிறேன். அன்புடன், தும்பி.'

அடியில் தாழ்ப்பாளாரின் பதில். நான்காம் நம்பர்.

'கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினீர்களா? விதிமுறைகளைப் படிக்கவும். நிராகரிக்கப்பட்டது.'

தும்பி செய்த குற்றம், தலைப்பில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக வைத்தது. அதன்பிறகு தும்பியிடமிருந்து சத்தமே இல்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்துவிட்டாள். "இது யாரு எழுதினது?"

"நான்தான்... ஆனா இது பொதுவா எல்லாருக்கும் போடறது."

"எல்லாருக்குமா! முகம் தெரியாத யாரோ, சம்பளம் வாங்காம உங்க பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்காங்க. வாசல்லயே வெந்நீரை ஊத்தியிருக்கீங்களே!"

தாழ்ப்பாளாருக்குச் சுரீரென்றது. தும்பிக்குப் போட்டிருந்த அந்தப் பதிலை அழித்தார். அழித்த இடத்தில், 'இங்கிருந்த பதில் நீக்கப்பட்டது' என்று பெரிய எழுத்தில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. 'தாழ்ப்பாளே வெட்கப்பட்டு அழிக்கிற அளவுக்கு என்ன எழுதியிருப்பார்?' என்று ஒருவர் கேட்க, ஆளாளுக்கு ஊகிக்கத் தொடங்கினார்கள். அந்த ஊகங்களோடு ஒப்பிட்டால் நான்காம் நம்பர் தாலாட்டு.

உடனே ஒரு மன்னிப்பு எழுதினார். 'எவர் மனமேனும் புண்பட்டிருக்குமாயின் வருந்துகிறேன். மறுபாதியை உடனே அனுப்பவும்.'

'நக்கலைப் பாருங்கள்!' என்றது கூட்டம்.

"வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. "நகருங்க, நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். 'அன்புள்ள தும்பி, உங்கள் திருத்தத்தை இன்றுதான் பொறுமையாகப் படித்தேன். அருமையான வேலை. அதற்கு இங்கிருந்து வந்த பதில் கொஞ்சமும் சரியில்லை, மன்னித்துவிடுங்கள். மறுபாதி முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களோடு ஒரு வார்த்தை பேச ஆசை, இதுதான் என் எண். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

"உடம்பைப் பத்தி எதுக்கு?"

"அடிங்கன்னா அடிங்க."

அனுப்பினார். மனசு லேசானது. இப்படி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லையே, இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தம் முழுசாக முடிவதற்குள் திரையில் சிவப்பாக ஒரு அறிவிப்பு: 'தாழ்ப்பாளின் கணக்கு திருடப்பட்டதாகச் சந்தேகம். கணக்கு முடக்கப்பட்டது.'

முடக்கியவர் கூட்டாளி. மாத்திரை மணியின் இன்னொரு சாவி அவரிடம். வேறொரு தேசத்தில் இருந்தார், போனில்தான் பழக்கம். தாழ்ப்பாளார் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"யோவ், நான்தான்யா! கணக்கைத் திற!"

"குரல் அவர் மாதிரிதான் இருக்கு," என்றார் கூட்டாளி சந்தேகமாக. "ஆனா இப்பல்லாம் குரலைக்கூடத் திருடறாங்களாமே. அவர் 'அருமை'ன்னு எழுதி நான் பார்த்ததே இல்லை. 'உடம்பைப் பார்த்துக்கோங்க'ன்னதும் எனக்குக் கைகால் ஆடிப்போச்சு."

"அது என் பொண்டாட்டி சொல்லி எழுதினது!"

"திருடனும் அப்படித்தான் சொல்வான். நீங்க அவர்தான்னா, ஆறாம் நம்பரைச் சொல்லுங்க, பார்ப்போம்."

தாழ்ப்பாளார் மனைவியைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மாமனார் வேறு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லை.

"'மூளை என்ற ஒன்று இருந்தால்... அதை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்,'" என்றார் மெல்ல.

"அப்பாடா! நீங்கதான்!" என்று கூட்டாளி கணக்கைத் திறந்துவிட்டார்.

"ஆறா? அப்ப நான் பார்த்ததே கொஞ்சம்தானா?" என்றாள் மனைவி.

அவள் முன்னாலேயே ஆறு நம்பர்களையும் ஒன்றுவிடாமல் அழித்தார். 'நல்லாத்தானே இருந்தது அந்தக் கடைசி' என்று மாமனார் முணுமுணுத்தது மகள் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க தாழ்ப்பாளார் திரையைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். மணி இப்போது முக்கியமாகவே படவில்லை. யாரோ ஒருவர் ஆசையாகச் செய்துகொண்டு வந்ததைத் தட்டிவிட்டோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அது வந்தது. மறுபாதி! 'தாமதத்துக்கு மன்னிக்கவும். அன்புடன், தும்பி.' தலைப்பில் அதே கூடுதல் முற்றுப்புள்ளி. தாழ்ப்பாளாருக்கு அந்தப் புள்ளியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு பாதிகளையும் உள்ளே சேர்த்து, மாமனாரின் போனில் ஏற்றினார்.

மணி அடித்தது. மாமனார் மாத்திரையைப் போட்டார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி சார்ஜரைச் சொருகினாள்.

சத்தமே இல்லை.

"செத்துப்போச்சா?" என்றார் மாமனார்.

"பிழைச்சிடுச்சு மாமா!"

முதியோர் இல்லத்துப் போன்களிலும் திருத்தம் ஏறியதும், நர்ஸும் கூப்பிட்டுச் சிரித்தாள். "கைமணியைப் பரண்ல போட்டுட்டேன் சார். ராத்திரி எல்லாரும் ஒரே மாத்திரையோட தூங்குவாங்க." தாழ்ப்பாளார் நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். இரண்டு நாளாகத் தோளில் உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கிப் போய்விட்டது.

போன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"சார், நான் தும்பி பேசறேன்." இளம் பெண் குரல்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, முதல்ல என்னை மன்னிக்கணும். அன்னைக்கு உங்களுக்கு வந்த அந்தப் பதில்..."

"ஐயோ, அதுக்கு நீங்க என்ன சார் செய்வீங்க! நான் அதையெல்லாம் மனசுலயே வச்சுக்கலை. உங்க லெட்டரைப் பார்த்ததும்தான் எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா? எங்க அம்மாகிட்டகூடப் படிச்சுக் காட்டினேன்."

தாழ்ப்பாளாருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பெருந்தன்மை! போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மனசுல வச்சுக்கலையாம்!" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். அவளும் மார்பில் கைவைத்து, "நல்ல பொண்ணு," என்றாள்.

"உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் கேளுங்கம்மா," என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். மறுபாதி லேட்டானதே அதைத் தேடினதாலதான், ஒரு வாரமா சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கலை. யார் எதை அனுப்பினாலும் ஒரு நிமிஷத்துல தானாவே திட்டுதே, அந்த மெஷினோட புரோகிராமை எங்க சார் வச்சிருக்கீங்க? பாவம், ஏதோ பெரிய கோளாறு ஆகியிருக்கு, அதையும் சரிபண்ணிக் கொடுத்துடறேன்!"