கீழிருந்து வந்த புண்

ஏழு மலை, ஏழு கடல் என்று உங்களை அலைக்கழிக்க மாட்டேன். நெடுங்கொடி நாடு அவ்வளவு தூரமில்லை. அங்கே ராஜாவும் உண்டு, ஃபைலும் உண்டு. ராஜாவின் பெயர் என்றும்வென்றார். எந்தப் போரிலும் அவர் தோற்றதில்லை. போரின் முடிவை அறிவிப்பவரும் அவர்தான்.

அந்த நாட்டில் சிப்பாயின் புண்ணுக்கு இரண்டே வகை. முன்பக்கம் பட்டால் வீரப்புண்: மாலை, மேளம், தேவைப்பட்டால் மரக்கால். பின்பக்கம் பட்டால் கோழைப்புண்: ஒன்றும் கிடையாது. அம்பும் ஈட்டியும் பறந்த காலத்தில் எழுதிய சட்டம். அதற்குப் பிறகு யாரும் அதில் கைவைக்கவில்லை.

கீரன் என்ற சிப்பாய் கண்ணிவெடியில் கால் வைத்தான். வலது முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே வைத்தியம் பார்த்தவர்கள் தங்கமானவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மரக்காலுக்கு விண்ணப்பம் எழுத வந்த எழுத்தர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தப் புண் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, கீழேயிருந்து வந்திருக்கிறது. அப்படியொரு திசை சட்டத்தில் இல்லை. விடுவார்களா? உடனே ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார்கள்.

குழு யோசித்துக்கொண்டிருந்தபோதே அமைச்சர் பெருமதியார் இன்னொரு ஆணையும் போட்டார். ஊன்றுகோலோடு யாரும் வீதியில் நடமாடக்கூடாது, வெற்றியின் அழகு கெட்டுவிடும். ஆக, கால் கிடைக்காதவன் வீட்டுக்கும் போக முடியாது.

இல்லத்தில் பழகுவதற்கென்று ஒரே ஒரு மரக்கால் இருந்தது. முறைவைத்து எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு மூங்கில்களைப் பிடித்தபடி நடப்பார்கள். கீரனுக்குச் செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் இல்லாத பாதம் அரிக்கும். அரிப்புகூடப் பரவாயில்லை. சில நேரம் அந்தப் பாதத்தில், தன் வீட்டுத் துவைகல்லின் ஈரம் ஜில்லென்று ஏறும். அப்போது அவன் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவன் போருக்குப் போனபிறகு பிறந்த மகளை அவன் இன்னும் பார்த்ததில்லை. அவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறாள் என்று மனைவி வெண்ணி கடிதம் எழுதியிருந்தாள். நானும் அப்படித்தான் பழகுகிறேன் என்று பதில் எழுதப்போய், எழுதாமல் விட்டான். அதற்குள் ஓராண்டு போயிருந்தது.

ஒருவழியாகக் குழுவின் முன் அவனை உட்கார வைத்தார்கள்.

“வெடி எந்த மண்ணில் இருந்தது?” என்று கேட்டார் பெருமதியார்.

எல்லையோரத்து மேட்டில் என்றான் கீரன்.

“அந்த மேடு நாம் வென்ற மண். மன்னரின் மண் மன்னரின் சிப்பாயைக் காயப்படுத்தாது. காயப்படுத்தியது என்றால் அது நம் மண் அல்ல. நாம் அதை வெல்லவே இல்லை என்று சொல்ல வருகிறாயா?”

“நம்ம ஆளுங்க பொதைச்ச வெடிதாங்கய்யா அது. எங்கெங்க பொதைச்சோம்னு குறிச்சு வைக்க மறந்துட்டாங்க.”

எழுத்தரின் பேனா நின்றது. இதை எழுத வேண்டாம் என்று அமைச்சர் கையசைத்தார். பிறகு மிகுந்த கருணையோடு ஒரு வழி சொன்னார். தனக்குப் பிறவியிலேயே வலது கால் இல்லை என்று கீரன் கையெழுத்துப் போட்டால், ராணியாரின் அறநிலையத்திலிருந்து நாளைக்கே மரக்கால் வரும். ஒற்றைக் காலோடு பிறந்தவனைப் படையில் எடுத்திருக்க முடியாது. ஆகவே அவன் போருக்கே போனதில்லை என்று ஏடுகள் திருத்தப்படும். அவ்வளவுதான்.

ஒன்பது வருஷச் சேவகம். கீரன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வீரம், பேர், எல்லாம் நாசமாய்ப் போகட்டும், எனக்கு என் வீடு வேண்டும் என்று நினைத்தான். போட்டான் கையெழுத்தை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று நாள் நடந்து வீடு சேர்ந்தான். முதலில் மகள் அவனைக் கண்டு பயந்தாள். அப்புறம் மரக்காலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். அன்று வெண்ணி சோறு போட்டாள், தான் சாப்பிட மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் பறை அடித்தார்கள். எல்லையில் அடுத்த வெற்றிக்கு ஆள் தேவையாம். இதுவரை படைக்கே போகாத ஆண்கள், இரண்டு காலும் உள்ளவர்கள், உடனே வர வேண்டும். ஆள்பிடிக்கும் அதிகாரி ஏட்டோடு வாசலில் வந்து நின்றார். கீரனின் பெயர் இருந்தது. போருக்குப் போனதில்லை, சரி. மரக்காலையும் சேர்த்து எண்ணினார்: கால் இரண்டு, சரி.

கீரன் வாசற்படியில் உட்கார்ந்து வாரை அவிழ்த்து மரக்காலைக் கழற்றி நீட்டினான்.

“இந்தாங்க. இது இருந்தாத்தானே ரெண்டு.”

அதிகாரி தடுமாறினார். ஆனால் காலில் அரச முத்திரை இருந்தது, அரசுடைமையை வாங்காமல் விட முடியாது. வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, ஏட்டில் எழுதினார்: கால் சேர்ந்தது, ஆள் ஓடிவிட்டான். ஓடியவனை அவனுடைய சொந்தக் காலாலேயே தலைநகர் வரை நடத்திக் கூட்டிச்செல்ல வேண்டும் என்பது சட்டம். கிளம்பு என்றார்.

உள்ளேயிருந்து மகளை இடுப்பில் வைத்தபடி வெண்ணி வந்தாள். குரல் உயரவில்லை.

“நடத்திக் கூட்டிட்டுப் போங்கய்யா. அவரு காலு ஒண்ணு உங்க வண்டியில கெடக்கு. ஒண்ணு நீங்க வெடி பொதைச்ச மேட்டுல கெடக்கு. எதைப் போட்டுக்கிட்டு நடக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

அதிகாரி சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்கு விதி எதுவும் அதில் இல்லை. தலைநகருக்கு எழுதி விளக்கம் கேட்கிறேன், பதில் வரும்வரை ஆள் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கம் இன்னும் வரவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பனும் மகளும் நடக்கிறார்கள். தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வெண்ணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மணிச்சத்தம் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் விடுகிறாள்.