மாமா வாயைத் திறந்த நேரம்

டிவி பார்ப்பதில் ஒருவன் மானத்தை இழக்க முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக என்னைக் கைகாட்டலாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, எங்கோ யாரோ பேசுவதைப் பார்க்கிற வேலை அது. படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், விசாகூட வேண்டாம். அதிலும் சொதப்பியவன் நான்.

தமிழ் சேனல் அமெரிக்காவில் வந்து இறங்கிய புதிது. இன்றைக்கு பாத்ரூமில்கூட போனில் சேனல் மாற்றுகிறவர்களுக்கு அந்தக் காலத்தை விளக்குவது கஷ்டம். அப்போது நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் ஊரில் தமிழ்க் குரல் கேட்க இரண்டே வழிகள்தான். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில், ஊரே பார்த்துத் தேய்ந்த கேசட்டை வாடகைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் காலிங் கார்டு வாங்கி, ஊரில் இருக்கும் அம்மாவிடம் திட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட ஊரில், ஒரு டிஷ் வைத்தால் ஹாலில் தமிழ் கொட்டும் என்று செய்தி பரவினால் என்ன ஆகும்? ஆளாளுக்கு வானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் எங்கள் அபார்ட்மென்ட்டில் டிஷ் வைக்க ஒரு சிக்கல் இருந்தது. சாட்டிலைட் இருந்தது தெற்குப் பக்கம். நம்மவர்களோ ஒருவர்கூட தெற்குப் பார்த்த வீட்டில் இல்லை. ராத்திரி பகலாக ஆபீசில் லாஜிக் எழுதுகிற இன்ஜினியர்கள், வாடகை வீட்டுக்கு வாஸ்து பார்த்து, கிழக்கிலும் வடக்கிலும் குடியேறியிருந்தார்கள். கடைசியாகப் போய்ச் சேர்ந்த எனக்கும் என் ரூம்மேட் குமரேசனுக்கும் தள்ளிவிடப்பட்டது தெற்குப் பார்த்த வீடு. "எமன் திசையாச்சே" என்று எங்களிடம் துக்கம் விசாரித்தவர்கள், எங்கள் பால்கனியில் டிஷ் முளைத்த மறுநாள் முதல் என்னை "சார்" என்று கூப்பிட்டார்கள். (குமரேசனைக்கூட. அவன் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான்.)

அந்த டிஷ் நின்ற விதத்தையும் சொல்லியாக வேண்டும். சுவரில் ஓட்டை போட்டால் லீசிங் ஆபீஸ் பெண்மணி டெபாசிட்டைத் தரமாட்டார். அதனால் மூன்று கால் ஸ்டாண்டில் டிஷ்ஷை மாட்டி, காற்றில் சாயாமல் இருக்க அதன் கால்கள்மேல் பாரம் வைக்க வேண்டும். இதற்கென்றே கடையில் சிமென்ட் கல் விற்கிறார்கள். எனக்கோ கல்லைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. பொன்னி அரிசி எப்படியும் வாங்கத்தானே போகிறோம், சாப்பிடுகிற வரைக்கும் அது ஒரு வேலை பார்க்கட்டுமே என்று இரண்டு மூட்டை வாங்கி, மழைக்கு கார்பேஜ் பையைச் சுற்றி, ஸ்டாண்டின்மேல் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த சமயத்தில்தான் வித்யா விஷயம் நடந்துகொண்டிருந்தது. அவள் வெஸ்ட் வின்ட்சர் என்கிற பக்கத்து ஊர்ப் பெண். காலையில் மன்ஹாட்டன் போகிற ரயிலில் அவள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏறுவாள், நான் எடிசனில் ஏறுவேன். ஒரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகி, வீட்டிலும் சொல்லிவிட்டோம். அவள் அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்கு முக்கால் சம்மதம். அங்கிள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்ல மச்சான் ஓகே சொல்லாம ஒரு ஃப்ரிட்ஜ்கூட வாங்க மாட்டோம்."

மச்சான் என்றால் ஆன்ட்டியின் தம்பி, வித்யாவின் தாய்மாமா. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், பூகோள வாத்தியார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. கிரீன் கார்டு இல்லை, சொந்த வீடு இல்லை, "எவனோ ரயில்ல ஏறினவன்" என்பது அவர் வாதம். இதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

அப்படியிருக்கையில் ஆன்ட்டிக்கு திருச்சியிலிருந்து ஒரு சொந்தக்காரர் மூலம் தகவல் வந்தது. மாமா நம் சேனலில் ஒரு கேள்வி பதில் போட்டியில் கலந்துகொண்டிருக்கிறார், வருகிற சனிக்கிழமை காட்டப்போகிறார்கள். ஆன்ட்டி வீட்டில் டிஷ் கிடையாது. கொல்லையில் நின்ற பெரிய மரங்கள் தெற்கு வானத்தை மறைத்தன. ரயிலில் வித்யா என் பக்கம் குனிந்து சொன்னாள்:

"நீ மாமாவை உன் டிவில ஒழுங்கா காட்டிடு, போதும். அம்மா எமோஷனலாகி அவருக்கு ஃபோன் பண்ணுவா. உன்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லுவா. மாமா உருகிடுவார்."

"மாமாவுக்கு நீங்க பார்க்கப்போறது தெரியுமா?"

"அம்மா கேட்டாளாம். 'அதெல்லாம் பாக்க வேணாம்க்கா, விடு'ன்னுட்டாராம். அவ்வளவு அடக்கம்."

எனக்கும் அது அடக்கமாகத்தான் பட்டது.

நான் கூப்பிட்டது மூன்று பேரை. ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும், சனிக்கிழமை வருங்கால மாமனார் வருகிறார் என்று வாய்விட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பும் ஷூவும் கதவைத் திறக்க முடியாத உயரத்துக்கு ஏறியிருந்தன. மாமாவைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம், வித்யாவைப் பார்க்க வந்தவர்கள் நிறைய. எதிர்வீட்டு ஆந்திராக்காரர் தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி சுழல் நாற்காலி. அதை அங்கிளுக்குக் கொடுத்தேன். அவர் கால்மேல் கால் போடும்போதெல்லாம் அது மெதுவாகத் திரும்பி அவரைச் சுவர் பக்கம் காட்டியது.

வந்தவர்களுக்குக் குமரேசன் சாம்பார் சாதம் செய்திருந்தான். நாமக்கல்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். வந்தவர்கள் என் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே என் சேனலைக் குறை சொன்னார்கள். "கிளாரிட்டி பத்தலையே" என்றார் ஒருவர், இரண்டாவது தட்டோடு. நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஆன்ட்டி காலி பேப்பர் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாத்திரத்தில் கரண்டி மட்டும் இருந்தது.

குமரேசனைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "ஆன்ட்டி இன்னும் சாப்பிடல. உடனே சாதம் வை."

"வூட்ல அரிசி இல்லீங்களே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க இருக்கோ அங்கேருந்து எடு. சாப்பாடு பத்தலேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், சுயநினைவோடு சொன்னேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. அங்கிள் கொண்டுவந்திருந்த புது கேசட்டை விசிஆரில் போட்டு ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். திரையில் மாமா வந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. ஆன்ட்டி முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். "இளைச்சிட்டான்" என்றார். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் அறிமுகப்படுத்தியதும் ஹால் முழுக்கக் கைதட்டியது. மாமாவைப் பெற்றெடுத்தவன்போல நான் எல்லோருக்கும் தலையசைத்தேன். ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக, சிரித்தார். முக்கால் சம்மதம் முழுசாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"முதல் கேள்வி உங்க சப்ஜெக்ட்தான் சார், ரொம்ப சுலபம்" என்றார் நடத்துகிறவர். "உங்க ஊர் திருச்சி எந்த ஆற்றங்கரையில இருக்கு?"

ஹாலே சிரித்தது. ஆந்திராக்காரர்கூட "காவேரி" என்றார். மாமா நெற்றியைத் துடைத்தார். மைக் பக்கம் குனிந்தார். வாயைத் திறந்தார்.

அப்படியே நின்றுவிட்டார். திறந்த வாய் திறந்தபடி இருக்க, முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. பிறகு திரை நீலமானது.

ஆட்களைத் தாண்டி, இரண்டு தட்டுகளை மிதித்து, பால்கனிக்கு ஓடினேன். டிஷ் கவிழ்ந்து தரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் குமரேசன், தோளில் அரிசி மூட்டை, கையில் கத்தரிக்கோலோடு நின்றான்.

"ஒண்ணுதானுங்க எடுத்தேன். இன்னொண்ணு இருக்குதுங்களே" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை எடிசன் இன்ஜினியரிங் வரலாற்றில் எழுத வேண்டும். நான் டிஷ்ஷைப் பிடித்துத் திருப்ப, ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து உத்தரவு போட்டார்கள். ஒருவர் வலது என்றார், ஒருவர் இடது என்றார். டெலிகாம் கம்பெனியில் வேலை பார்ப்பவர்தான் அதிகம் சத்தம் போட்டார், அவர் காட்டியது வடக்கு. "வருதா?" "வரல." "இப்ப?" "வந்துச்சு... போச்சு." கடைசியில் படம் வந்தபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் சுவரைப் பார்த்த நாற்காலியிலிருந்து எழுந்தார். விசிஆரிலிருந்து கேசட்டைத் தானே உருவி எடுத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க என்ன இன்ஜினியர்னு சொன்னீங்க?"

"சாஃப்ட்வேர் அங்கிள்."

"அதானே" என்றார். ஆன்ட்டி சாப்பிடாமலே செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடினார். வித்யா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் கார் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், சூடான சாதம் தயார் என்று குக்கர் மணியடித்தது. மிச்சமிருந்தவர்கள் உட்கார்ந்து அதையும் சாப்பிட்டார்கள். இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயடியில் நின்று அழுதேன். குமரேசன் பக்கத்தில் நின்று துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ரயிலில் வேறு பெட்டியில் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். கால் பழகிய பெட்டிக்கே போனது. ஏறினால், வித்யா வழக்கம்போலப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

"மாமா ஓகே சொல்லிட்டார்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் விவரமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி தம்பிக்குப் போன் போட்டு, "அந்தப் பாவி வீட்ல டிவி போயிடுச்சுடா சுந்தரம்" என்று புலம்பியிருக்கிறார்.

"எது வரைக்கும்க்கா பாத்தீங்க?" என்று கேட்டாராம் மாமா.

"நீ வாயைத் திறந்த. அத்தோட போச்சு."

"கேசட்ல எடுத்தீங்களா?"

"எடுத்தோம். அதுலயும் அவ்வளவுதான்."

காலிங் கார்டு நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்க, மாமா அதையே இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாராம். பிறகு, "அக்கா, யோசிச்சுப் பாத்தா அந்தப் பையன் நல்ல பையனாத்தான் தெரியறான். மேற்கொண்டு பேசுங்க" என்றாராம். அவமானப்படுத்தியவனையே மன்னித்துவிட்ட தம்பியின் பெரிய மனசை நினைத்து ஆன்ட்டி அன்றைக்கு முழுக்க அழுதிருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது. இப்பேர்ப்பட்ட மனிதரைத் தப்பாக நினைத்தோமே என்று ரயிலிலேயே வருத்தப்பட்டேன்.

திருச்சியில் கல்யாணம் நடந்தது. ரிசப்ஷன் மேடையில் மாமா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, காதோரம் கேட்டார்: "மாப்பிள்ளை, நீங்களும் பாக்கல, இல்லையா?" இல்லை என்றேன். கையை இன்னும் இறுக்கினார்.

மறுநாள் சாப்பாட்டுப் பந்தியில்தான், பக்கத்து இலையில் உட்கார்ந்த மாமாவின் மனைவி விஷயத்தை உடைத்தார். "உங்க மாமா அன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? தாமிரபரணின்னாரு. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு மேப் போட்டுக் காட்டினவரு. அந்த லைட்டைப் பாத்ததும் ஆறே மாறிப்போச்சு. இப்ப பள்ளிக்கூடத்துல அவர் பேரே தாமிரபரணி சார்தான். அமெரிக்காவுல மட்டும்தான் அவருக்கு மரியாதை மிச்சம் இருக்கு. அது நீங்க போட்ட பிச்சை தம்பி." சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாராவது உளறப்போகிற நேரம் பார்த்து, "அரிசி மூட்டையை எடுங்கப்பா" என்று இன்னொருவர் சொல்லிவிட வேண்டும், உளறுகிறவர் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆன்ட்டிக்கு மட்டும் இந்த வழக்கத்துக்குக் காரணமான தாமிரபரணி விஷயம் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. அந்தக் கேசட்டை அங்கிள் டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆன்ட்டி அதைப் போட்டுக் காட்டுவார். திறந்த வாயோடு மாமா நிற்கும் இடத்தில், "காவிரின்னு சொல்ல வர்றான், பாருங்க, அதுக்குள்ள எங்க மாப்பிள்ளை கெடுத்துட்டார்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன மாதம் அங்கிளின் பிறந்தநாளை வெஸ்ட் வின்ட்சரில் ஒரு ஹாலில் கொண்டாடினோம். மாமாவும் திருச்சியிலிருந்து வந்திருந்தார், முதல் வரிசையில் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் வாங்கினால் எனக்குத் தலைகால் புரியாது. டிஷ் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரிக்கச் சிரிக்க எனக்கு வேகம் கூடிவிட்டது. "அன்றைக்கு மாமா உண்மையில் என்ன சொன்னார் தெரியுமா?" என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன்.

ஹாலின் கடைசியிலிருந்து, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, ரைஸ் பேக்."

என் வாய் திறந்தபடி நின்றது. மாமா முதல் வரிசையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு டிவியில் துடைத்ததுபோலவே.

"என்ன சொன்னான், மாப்பிள்ளை? சொல்லுங்க" என்றார் ஆன்ட்டி.

"காவிரி, ஆன்ட்டி" என்றேன்.

முதலில் கைதட்டியவர் மாமாதான்.