வீரகத்தியார் கேட்கும் இலக்கு

தகப்பன்மாரைத் திருத்தும் தகப்பன் என்று ஓர் இனம் இருக்கிறது. தேடிப்போய்ப் பிடிக்க வேண்டிய இனமல்ல. தேநீர்க்கடை, சலூன், செத்தவீடு என்று எங்கே நாலு ஆண்கள் கூடினாலும் அது நடுவில் வந்து நிற்கும். 'நல்ல தந்தை, நல்ல குடும்பம்' என்று நெஞ்சில் எழுதிய ரீசேட், பயிற்சி முடிந்து மாதக்கணக்காகியும் கழுத்திலிருந்து கழற்றாத அடையாள அட்டை, வாயில் ஒரே ஒரு கேள்வி.

"உங்கட இலக்கு என்ன?"

எங்கள் மாங்குளத்தில் இந்த இனத்துக்குச் சிறந்த மாதிரி வீரகத்தியார். தகப்பன்மார் குடும்பத்திலும் பிள்ளைகளின் படிப்பிலும் தொழிலிலும் முன்னேறக் கைகொடுக்கும் பயிற்சி ஒன்றை ஒரு நிறுவனம் கிளிநொச்சியில் நடத்தியது. நல்ல காரியம்தான். வீரகத்தியாரும் கைகொடுக்கப்பட வேண்டியவராகத்தான் போனார். கடைசி நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவருக்குள் என்ன நடந்ததோ தெரியாது, கைகொடுப்பவராகத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு மாங்குளத்தில் ஓர் ஆம்பிளை நிம்மதியாகக் கடைக்குப் போக முடிந்ததா?

"தம்பி, உங்கட இலக்கு என்ன?"

"தேங்காய் அண்ணை."

"அது இண்டைக்கு. இன்னும் அஞ்சு வருசத்தில?"

"அப்பவும் கறிக்குத் தேங்காய் வேணும்தானே அண்ணை."

வீரகத்தியார் பெருமூச்சு விடுவார். தெளிவில்லாத தகப்பன்!

பிள்ளைகளோடு மனம்விட்டுக் கதைக்க வேண்டும் என்று ரயில் நிலைய வாசலில் நின்று அவர் உருக்கமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது, சொந்த மகன் நிருஷன் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பான். "பொறு தம்பி, அப்பா முக்கியமான விசயம் கதைக்கிறன்" என்று பிள்ளையை ஒதுக்கிவிட்டு விளக்கம் தொடரும். மனைவி நாகேஸ்வரி தையல் மெசினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் தொழிலுக்கு வழி காட்டுறார். இவற்ற தொழில் என்னெண்டு ஆரும் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்பது அவருடைய கவலை.

இப்படிப்பட்டவரின் கையில்தான் பழனியாண்டி அகப்பட்டார்.

பழனியாண்டி வயல்களில் கூலி வேலை செய்பவர். மகள் நிரோஜா சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்து, உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். அதற்குக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். கூலி வேலையோ ஒரு கிழமை இருந்தால் மறு கிழமை இராது. அந்த நேரத்தில்தான் ஓமந்தையில் ஓர் அரிசி ஆலைக்கு லொறிச் சாரதி வேண்டுமாம் என்ற கதை காதில் விழுந்தது. முந்தி லொறி ஓட்டியவர், லைசென்சும் இருந்தது. போய்க் கேட்கத் துணிவுதான் இல்லை. துணிவைத் தேடிப் போன இடம்தான் பிழை.

"கண்ணை நேராப் பாக்க வேணும் தம்பி. இமைக்கப்படாது. இமைச்சா உங்களில உங்களுக்கே நம்பிக்கையில்லை எண்டு நினைப்பினம்."

பழனியாண்டி வீட்டில் பழகிப் பார்த்தார். மனைவி மீனம்மா அந்தப் பார்வையைக் கண்டு அகப்பையைக் கீழே போட்டார்.

"ஏங்க, காய்ச்சலா அடிக்குது?"

நேர்முகத்துக்குப் போகும் நாளில் வீரகத்தியாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒரு தகப்பனை நடுவழியில் கைவிடுவதா? ஆலையை நடத்துபவர் ரஜிதா என்ற பெண்மணி. இருவரையும் கதிரைகளில் இருத்திவிட்டுக் கேட்டார்.

"உங்கட பேர் என்ன?"

"பழனியாண்டி," என்றார் வீரகத்தியார்.

"எவ்வளவு காலம் லொறி ஓடினனீங்கள்?"

"அது முக்கியமில்லை அம்மா. இனி எவ்வளவு தூரம் ஓடப்போறார் எண்டதுதான் முக்கியம்," என்றார் வீரகத்தியார்.

பழனியாண்டி சொல்லிக்கொடுத்தபடி இமைக்காமல் ரஜிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிரண்டும் சிவந்து நீர் தாரையாக வடிந்தது.

"இவர் ஏன் அழுறார்?"

"அது அழுகையில்லை, தன்னம்பிக்கை."

ரஜிதா எழும்பினார். "சரி, நீங்கள் போட்டு வாங்கோ. பிறகு சொல்லி அனுப்புறன்."

பிறகு சொல்லி அனுப்புவது என்றால் என்னவென்று பழனியாண்டிக்குத் தெரியும். மகளின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்களைத் துடைத்தார்; ஆசை தீர இமைத்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க. அம்மா, எனக்கு லொறி நல்லா ஓட்டத் தெரியும். மகள படிக்க வைக்கணுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

வீரகத்தியார் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களே அம்மா! இலக்கு வந்திட்டுது!"

ரஜிதா சிரித்துவிட்டார். முற்றத்தில் நின்ற லொறியை ஓடிக் காட்டச் சொன்னார். பழனியாண்டி ஓடிக் காட்டினார், வேலை கிடைத்தது. வீரகத்தியார் அவ்வளவு நேரமும் ரஜிதாவின் பக்கத்தில் நின்று, தொழிலாளரின் குடும்ப மகிழ்ச்சியில் முதலாளியின் பங்கு பற்றி மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று ரஜிதா கேட்டார்.

வீரகத்தியார் வாயைத் திறந்தார். மூடினார். மாங்குளத்து ஆம்பிளைகள் காண ஆசைப்பட்ட காட்சி ஓமந்தையில் வீணாகிப் போனது.

"எங்கட பழைய ட்ரைவர் மத்தியான வெயிலுக்கு நித்திரையாகி லொறியை வாய்க்காலுக்குள்ள விட்டவர்," என்றார் ரஜிதா. "பக்கத்தில இருந்து கதைக்கிறதுக்கு ஒரு உதவியாள் வேணும். நீங்கள் இருந்தா ஒரு மனுசரும் நித்திரை கொள்ளேலாது. மூட்டையும் இறக்க வேணும். வாறீங்களோ?"

நாகேஸ்வரி செய்தியைக் கேட்டு மெசினை நிறுத்தினார். பிறகு, புருசன் மனம் மாறுவதற்குள் வேலைக்குப் போடச் சேட்டு ஒன்று தைக்கத் தொடங்கினார்.

இப்போது நிரோஜா கிளிநொச்சியில் படிக்கிறாள். பழனியாண்டி ஏ-ஒன்பது வீதியில் முழு விழிப்போடு லொறி ஓட்டுகிறார்; நித்திரை கொள்ள அவருக்கு வழியே இல்லை. வீரகத்தியார் மூட்டை இறக்கிய களைப்பில் பின்னேரம் பாயில் சாய்ந்தால் ஒரு சொல்லும் வராது. மகன் நிருஷன் பக்கத்தில் படுத்துப் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்கிறான். தகப்பன் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு கிடக்கிறார். பயிற்சியில் சொல்லித் தந்ததும் இதைத்தான் என்று பிறகுதான் விளங்கியதாம்.

நீங்கள் நல்லவர், இந்த இனத்தில் சேராதவர், எனக்குத் தெரியும். ஆனால் இதை வாசிக்கும்போது, 'இது எங்கட இன்னாருக்கு அளவெடுத்துத் தைச்சமாதிரி இருக்கு, அவர் திருந்தட்டும், ஒருக்கா வாசிக்கக் குடுப்பம்' என்று ஓர் எண்ணம் வந்ததா இல்லையா? வந்ததென்றால் கொஞ்சம் இருங்கள். எழும்ப வேண்டாம். அந்த இன்னார், போன கிழமை உங்களை நினைத்துக்கொண்டுதான் என்னிடம் இதை எழுதச் சொன்னார்.